இரு பக்கமும் கையெழுத்துப் போட்ட உங்கள் மாப்பிள்ளை

தைப்பிங் பரஞ்சோதி அண்ணனுக்கு, கோலாலம்பூரிலிருந்து தங்கை லோகாம்பாள் வணங்கி எழுதுவது. தண்டாயுதபாணி புண்ணியத்தில் இங்கு உடம்புக்குக் குறைவில்லை, மனதுக்குத்தான். அண்ணியும் நீங்களும் நலமாயிருக்க விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன்.

நாடாளுமன்றத் தேர்தலில் உங்கள் மாப்பிள்ளை சுயேச்சையாக நின்று எப்படியோ ஜெயித்துவிட்டார், ஆனால் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை இல்லை. மறுநாளே ஒரு கூட்டணிக்காரர்கள் பழக்கூடையோடு வந்து, தங்கள் தலைவரே பிரதமராக வேண்டும் என்று சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டார். அடுத்த நாள் எதிர்க்கூட்டணிக்காரர்கள் கேக்கோடு வந்தார்கள், அவர்களுக்கும் போட்டார். கேட்டால், "வீட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோட எப்படி அனுப்புறது லா? அரண்மனையில இதையெல்லாம் யாரு பார்க்கப் போறா?" என்கிறார். ஒரே ரிங்கிட்டை அரிசிக்கும் எழுதி எண்ணெய்க்கும் எழுதினால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா அண்ணா?

நம் துவாங்கு, மாமன்னர் என்றால் நாடாளுமன்றத்தைத் திறந்து வைப்பார், டத்தோ பட்டம் கொடுப்பார், ஜெயித்தவர்கள் காட்டும் ஆளைப் பிரதமராக்குவார், நம் கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டி நிற்பவரைப் போல என்றுதானே இருந்தோம். இப்போது இரு பக்கக் கையெழுத்தையும் கூட்டினால் மொத்த உறுப்பினர்களைவிட அதிகமாக வருகிறதாம். அதனால் அவரே ஒவ்வொருவராக அழைத்து நேரில் கேட்கிறார். இன்று இவர் முறை. காலையில் கோட்டு மாட்டினார், கழற்றினார், தோசை உள்ளே இறங்கவில்லை. பொய்ச் சத்தியத்துக்கு ஜெயில் என்று டிரைவர் வேறு சொல்லிவிட்டார். "துவாங்கு முகத்தப் பார்த்து யார் பேரைச் சொல்லுவேன்? நீயே ஒண்ணு சொல்லேன்" என்று என்னிடம் கெஞ்சினார். பிரதமரை முடிவு பண்ணுவது என் வேலையில்லை, உள்ளதைச் சொல்லுங்கள் என்று திருநீறு பூசி அனுப்பியிருக்கிறேன். அப்படியே சொல்லிவிட்டால் பத்துமலைக்குப் பால்குடம்.

இதை யாரிடமும் மூச்சுவிடாதீர்கள், அண்ணியிடம்கூட. போனும் பண்ணாதீர்கள், வாசலில் நிருபர்கள். அண்ணிக்கு நமஸ்காரம், பிள்ளைகளை முருகன் காப்பான்.

உங்கள் தங்கை
லோகாம்பாள்

பி.கு.: அவர் வந்துவிட்டார். மாமன்னர் இரண்டு காகிதத்தையும் மேசையில் வைத்து, "இதுல எது உங்களோடது?" என்றாராம். "ரெண்டும்தான், துவாங்கு" என்றாராம் இவர். மாமன்னர் கோபிக்காமல், ஒன்றைக் கிழிக்கச் சொன்னாராம். எதை என்று துவாங்குவே சொல்லட்டும் என்றாராம் நம்மவர். "அதையும் நானே சொன்னா ஜனங்க உங்களை எதுக்குத் தேர்ந்தெடுத்தாங்க? ரெண்டையும் எடுத்துட்டு வீட்டுக்குப் போய் யோசிச்சு, காலையில சொல்லுங்க." மற்றவர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்களாம், மிச்சம் இவர் ஒருவர்தானாம். காகிதங்களை என் சாமி மேடையில் வைத்து, "நீ பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். டிரைவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு அண்ணியைக் கேட்டு, ஒரே ஒரு பேரைச் சொல்லி உடனே போன் பண்ணுங்கள்.