உப்புக் காபியும் மூன்றாம் படி உபாசகரும்

"திரு. ஏகநாதன். மூன்றாம் படி உபாசகர். மேற்கத்திய மறைஞான வட்டத்தின் தென்புறநகர் வழிகாட்டி. மௌனத்தால் கட்டுண்டவர். தாம் அறிந்ததைத் தகுதியற்றோரிடம் ஒருபோதும் வெளியிடாதவர். பிறர் காணாததைக் காண்பவர்."

சேலையூரில், கேம்ப் ரோடிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடிக் கதவில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான துண்டறிக்கை இப்படிச் சொல்கிறது. இதே துண்டறிக்கை அந்தக் குடியிருப்பின் லிப்டுக்குள்ளும், வாசலில் நிற்கும் இஸ்திரி வண்டியின் விலாவிலும், மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறது. மௌனத்தால் கட்டுண்டவருக்கு எவ்வளவு பசை செலவாகிறது, பாருங்கள்.

வாசகரே, இந்த இனத்துக்கு மறைஞானி என்று பெயர். மறைப்பதற்கு ஞானம் வேண்டுமென்று அவசியமில்லை. மறைக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லத் தெரிந்தால் போதும். புறநகர் ரயிலில் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து, நீங்கள் கேட்காமலே உங்கள் பக்கம் சாய்ந்து, "நீங்க பாக்கறது உலகம் இல்ல சார், உலகத்தோட சட்டை" என்று குரலைத் தாழ்த்துபவர், நீங்கள் மரியாதைக்காக "அப்படிங்களா" என்றதும் குரோம்பேட்டையில் தொடங்கி கிண்டி வரைக்கும் எகிப்து, கிரேக்கம், கோபுரங்கள், ஏழு தளங்கள், சூட்சும உடல் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, நீங்கள் இறங்கப் பையை எடுக்கும்போது முழங்கையைப் பிடித்து, "இதுக்கு மேல சொல்ல எனக்கு அனுமதி இல்ல" என்கிறாரே, அவர்தான். யார் அனுமதி தரவேண்டும்? அதைச் சொல்லவும் அனுமதி இல்லை.

அந்தப் போதனைகளோடு எனக்கு வழக்கு ஒன்றும் கிடையாது. எகிப்தில் கிரேக்கமும் பழைய கோயில் மரபும் கலந்து கிடந்த காலத்தில் யாரோ சிலர் உட்கார்ந்து, பேரண்டமும் மனிதனும் ஒரே அச்சில் வார்த்தவை, மேலே ஒன்று அசைந்தால் இங்கேயும் அசையும், மனிதனுக்குள் ஓர் ஒளி புதைந்து கிடக்கிறது, அதைத் தோண்டி எடுப்பதே பிறவியின் வேலை என்றெல்லாம் எழுதி, தங்கள் பெயரைப் போடாமல், மும்மடங்கு மகான் ஹெர்மிஸ் என்ற தெய்வப் பெயரைப் போட்டுவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணங்கள். அடக்கமும்கூட. யூத ஞானிகள் இறைவனின் பத்து வெளிப்பாடுகளை ஒரு மரமாக வரைந்தார்கள். ரசவாதிகள் ஈயத்தைப் பொன்னாக்கப் போய், பொன்னாக வேண்டியது தாங்கள்தான் என்று கண்டுகொண்டார்கள். அல்லது பொன் வராதபோது அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். ஜெர்மனியில் ரோஜாவையும் சிலுவையையும் சின்னமாகக் கொண்ட ஒரு சகோதரக் கூட்டம், தாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது என்ற செய்தியை அச்சடித்து உலகுக்கு வழங்கியது. ஏகநாதனின் பசைச் சட்டிக்கு நானூறு வருடப் பாரம்பரியம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைசியில் நம்மூர்ச் சரக்கும் அதில் சேர்ந்தது. கர்மாவும் மறுபிறவியும் கப்பலேறிப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு, அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரச் சபையாக வந்து இறங்கின. ஏகநாதன் வாயில் அது "கார்மா". கர்மா என்று குறிலாகச் சொன்னால் அது அவர் மனைவி சரசு பேசுவது. சரசு செய்வது மூடநம்பிக்கை. அதையே இங்கிலீஷில் செய்தால் மறைஞானம். வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை அவர்தான் கழற்றினார். "ராகுகாலமாம், எமகண்டமாம்! இருபத்தொண்ணாம் நூற்றாண்டுல இருக்கோம் சார்." கழற்றிய கையோடு, எந்த மணி எந்தக் கிரகத்தின் ஆட்சியில் இருக்கிறது என்று காட்டும் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டார். சனி மணியில் அவர் மின்கட்டணம்கூடக் கட்டுவதில்லை. குடியிருப்பு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை சீட்டாடுகிறவர்களைப் பற்றிச் சங்கத்தில் புகார் கொடுத்தவரும் இவரே. இவர் மேஜையிலும் ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. படங்கள் போட்டது. அதுவும் முதலில் இத்தாலியில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டுதான், பிற்பாடு ஒரு பிரெஞ்சுக்காரர் அதை எகிப்து ரகசியம் என்றார் என்று நான் ஒருமுறை சொன்னேன். ஏகநாதன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்படித்தான் வெளியில் சொல்லியிருக்காங்க."

இந்த இனத்தை வாதாடி வெல்ல முடியாது. ஆதாரம் இருந்தால் அது ஆதாரம். இல்லாவிட்டால் அது மறைக்கப்பட்ட ஆதாரம்.

சரசுவுக்குக் கண்ணில் புரை. இரண்டு கண்ணிலும், வலதில் முற்றியது. "இதுக்கு மேல தள்ளாதீங்கம்மா, அப்புறம் ஆபரேஷன் சிக்கலாயிடும்" என்று டாக்டர் சொல்லி நாள் குறித்துக் கொடுத்தார். சிக்கல் டாக்டருக்கு வருவதற்கு முன்பே சமையலறைக்கு வந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் சரசுவுக்குத் தெரிவதில்லை. கையை மேலே நீட்டிச் சூட்டைப் பார்த்துத்தான் அடுப்பு எரிகிறதா என்று அறிந்துகொள்வாள். ஒரு முறை புடவைத் தலைப்பு கருகியது.

குறித்த நாளை ஏகநாதன் முதல் முறை தள்ளினார்: சனி மணி. இரண்டாம் முறையும் தள்ளினார்: புதன் பின்னோக்கிப் போகிறது, கருவிகள் பிழை செய்யும். எதிர்வீட்டு அருள்மேரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்றைக்கு லிப்டுக்குள் அவரை மடக்கினாள்.

"சார், அக்காவுக்குக் கண்ணுல புரை. புதன் பின்னால போனா போயிட்டுப் போவுது. இதுக்கும் அதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"சம்பந்தம்ங்கிற ஒரே விஷயத்தைத்தாம்மா நாங்க முப்பது வருஷமா ஆராயறோம்."

"அப்ப இன்னும் முடியலியா?"

லிப்டு முதல் மாடியில் நின்றது. அவர் துண்டறிக்கையின் கிழிந்த மூலையை விரலால் நீவி ஒட்டிவிட்டு இறங்கினார்.

வியாழக்கிழமை தோறும் மாலையில் வட்டம் கூடும். வட்டம் என்றால் நாலைந்து பேர். கூடுவாஞ்சேரியில் மனை விற்கும் சுகுமார், கீழ்க்கட்டளையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி தயாளன், ஊரப்பாக்கத்திலிருந்து வருவதாகச் சொல்லி வராமல் இருப்பவர்கள் இருவர். சொந்த வீட்டுக் கதவையே ஏகநாதன் உள்ளிருந்து மூன்று முறை தட்டுவார். விளக்கை அணைப்பார். மெழுகுவத்தி ஏற்றுவார். பிறகு சரசு காபி கொண்டுவருவாள், இருட்டில், சுவரைத் தடவிக்கொண்டு.

அப்படி ஒரு வியாழக்கிழமை சுகுமார் காபியை ஒரு வாய் குடித்தார். கண் பிதுங்கியது. துப்ப இடமில்லை, எதிரே ஞானம் உட்கார்ந்திருந்தது. விழுங்கினார். தயாளனைப் பார்த்தார். தயாளனும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஏகநாதன் குடித்தார். முகத்தில் ஒரு கணம் சாதாரண மனிதன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பிறகு கண்களை மூடிக்கொண்டு, மிக மெதுவாகச் சொன்னார்:

"உப்பு."

"ஆமா சார்," என்றார் தயாளன் ஆறுதலாக. "நிறையவே."

"கந்தகம், பாதரசம், உப்பு. ரசவாதத்தோட மூன்று மூலங்கள். கந்தகம் ஆன்மா. பாதரசம் உயிர். உப்பு உடல். போன வாரம் உடலைச் சுத்தி பண்றது பத்திப் பேசினோம். இந்த வாரம் உப்பு நம்மைத் தேடி வந்திருக்கு."

"ஆனா சார், இது காபி."

"காபிங்கறது வெறும் பாத்திரம், தயாளன். உள்ள இருக்கறதைக் குடிங்க."

குடித்தார்கள். கசடு வரைக்கும் குடித்தார்கள். அன்றிரவு சுகுமாருக்கு உள்ளுக்குள் ஏதோ புரண்டது உண்மை. அதை அவர் விழிப்பு என்று நம்பினார். அடுத்த வாரம் செருப்பைக் கழற்றும்போதே ஏகநாதனின் காதருகே குனிந்து, "சார், இன்னிக்கும்... உண்டா?" என்று கேட்டார்.

ஏகநாதன் சமையலறைக்குப் போனார். "சரசு, போன வாரம் போட்ட மாதிரியே காபி போடு."

"எப்பவும் போடற மாதிரிதாங்க போட்டேன்."

"அதேதான்," என்றார், புன்னகையோடு. "உனக்குத் தெரியாமதான் அது வரணும்."

வந்தது. சமையல் மேடையில் இரண்டு டப்பாக்கள், சர்க்கரைக்கு நீல மூடி, உப்புக்குப் பச்சை மூடி. விளக்கணைத்த வியாழக்கிழமை இருட்டில், புரை விழுந்த கண்ணுக்கு இரண்டும் சாம்பல். சில வாரம் சர்க்கரை விழுந்தது, வட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. சில வாரம் உப்பு விழுந்தது, வட்டம் மெய்சிலிர்த்தது. உப்பு விழும் வாரங்களைக் கிரகங்களோடு ஒப்பிட்டுத் தயாளன் ஒரு வரைபடமே போட்டார். வங்கியில் முப்பத்தைந்து வருடம் கூட்டல் சரிபார்த்த மனிதர்.

மீந்த காபி டம்ளர் ஒன்று ஒரு நாள் அருள்மேரி கைக்குப் போனது.

"அய்யய்யே! அக்கா, இன்னா இது, காபியா கடல் தண்ணியா?"

சரசு டம்ளரை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். மேடையிலிருந்த இரண்டு டப்பாவையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து ருசி பார்த்தாள். அங்கிருந்தே கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க. காபில உப்பு இருந்துச்சா?"

"இருந்தது."

"இன்னிக்கு மட்டுமா?"

"பல வாரமா வருது. அது ஒரு அருள், சரசு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல அனுமதி இல்ல."

"வெளிய சொல்லக்கூடாததெல்லாம் லிப்டுல ஒட்டி வச்சிருக்கீங்க," என்றாள் சரசு. "எனக்குக் கண்ணு தெரியலங்கறத மட்டும் ரகசியமா வச்சுகிட்டீங்களா?"

ஏகநாதனிடம் இதற்குப் பதில் இருந்தது. அவரிடம் எதற்குத்தான் பதில் இல்லை? புறக்கண் மங்கும்போது அகக்கண் திறக்கும், உப்புக்கும் சர்க்கரைக்கும் பேதம் காண்பதே மாயை என்று ஆரம்பித்தார். அருள்மேரி அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கிடைத்த முதல் நாளை வாங்கிவிட்டாள். அது வியாழக்கிழமை.

"வியாழனா?" என்றார் ஏகநாதன். "அன்னிக்கு 'ஒளி'ங்கிற தலைப்புல நான் பேசறேனே."

"பேசுங்க சார்," என்றாள் அருள்மேரி. "அக்கா வெளிச்சத்துக்குப் போயிட்டு வரட்டும். நான் லீவு சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை மதியம் ஆட்டோ வாசலுக்கு வந்த பிறகும் சரசு சமையலறையில் இருந்தாள். வருகிறவர்களுக்குக் காபி போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, சர்க்கரைதான் என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு போட்டுக் கலக்கி, மறுபடி ஒரு சொட்டு குடித்துப் பார்த்தாள். "இன்னிக்குச் சர்க்கரைதாங்க. நல்லாப் பாத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, அருள்மேரியின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். ஏகநாதன் பால்கனியிலிருந்து, நல்ல மணிதான், குருவின் ஆட்சி என்று அறிவித்தார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது சரசு முதலில் அருள்மேரியைப் பார்த்து, "உனக்கு இவ்ளோ நரைச்சிருக்கா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் நீல மூடியையும் பச்சை மூடியையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது இடது கண். அதற்கு நாளை அவளே குறித்துக்கொண்டாள், யாரையும் கேட்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட துண்டறிக்கை இல்லைதான். ஆனால் உங்களுக்கும் ஏதாவது ஒரு துறையில் மற்றவர்களுக்குப் புரியாத மூன்றாம் படி இருக்குமே? பங்குச்சந்தை, சிறுதானியம், கட்சியின் உள்விவகாரம், கர்நாடக சங்கீதம். அதைப் பற்றி நீங்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு காபி வருமே, அதன் ருசி கொஞ்ச நாளாக மாறியிருக்கிறதா? மாறியிருந்தால், கொண்டுவந்த கையை நிமிர்ந்து பார்த்தீர்களா, அல்லது அதற்கும் ஒரு கொள்கை வைத்திருக்கிறீர்களா? அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம்.

இதற்கிடையே லிப்டில் புதிய துண்டறிக்கை ஒட்டப்பட்டுவிட்டது. பழைய வரிகளோடு கீழே ஒன்று கூடியிருக்கிறது: "சொந்த இல்லத்திலேயே இருளை நீக்கி ஒளியை வரவழைத்தவர்."

அந்த வியாழக்கிழமை ஏகநாதன் செய்தது இதுதான்: ஆட்டோ தெருமுனை திரும்பியதும் சமையலறைக்குப் போய், ஃபிளாஸ்கைத் திறந்து, சரசு போட்டுவைத்த காபியில் இரண்டு கரண்டி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.