காளியண்ணனின் கொட்டாய் வழக்கு

காவிரியைப் பார்த்தாற்போல் வீட்டுக்கு முன்னால் ஒரு கொட்டாய். உள்ளே காளியண்ணன். பள்ளிபாளையத்துப் பக்கம் அவரைப்போல மேகம் பார்க்கத் தெரிந்த ஆள் கிடையாது. ஆற்றில் பரிசல்கள் மிதக்கும். கொட்டாயில் அவர் மிதப்பார். வெயில் தாழ்ந்ததும் சிநேகிதர்களும் மிதக்க வந்துவிடுவார்கள். அத்தனை பேருக்கும் காப்பி போடுகிறவள் மனைவி ராமாத்தாள்.

ஒருநாள் பஞ்சாயத்து போர்டு உத்தரவு போட்டது: கொட்டாய் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்துவிடு.

"என்னைக் கேக்காம எப்படிப் போடலாம்?" காளியண்ணன் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதே ஊருக்குள் செய்தி.

"நாயந்தானுங்க. கோர்ட்டுக்குப் போங்க," என்றாள் ராமாத்தாள். கட்டுச்சோறும் கட்டிக் கொடுத்தாள்.

நாமக்கல் போகும், கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில், கோர்ட்டு முன்சீப்பே கொட்டாய்க்கு வந்து காற்று வாங்குவதாகக் கனவு கண்டார்.

முன்சீப் சொன்னார்: "உத்தரவு செல்லாது. கொட்டாய் இருக்கலாமா கூடாதா என்பது போர்டின் பாடு. அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் போட்டது தப்பு. கேட்டுவிட்டு மறுபடி முடிவு பண்ணட்டும்."

முதல் வாக்கியத்திலேயே காளியண்ணன் மேகத்தில் ஏறிவிட்டார். கேட்கவில்லை என்று வழக்குப் போட்டவர், தீர்ப்பை முழுசாகக் கேட்கவில்லை.

அடுத்த வாரமே போர்டு பிரசிடெண்டு சென்னிமலை என்பவர் வீட்டுக்கு வந்தார். கொட்டாயில் உட்கார வைத்துக் காளியண்ணன் பேசினார். ஆற்றுக் காற்று, தண்ணீரில் உருகும் நிலா, ஈரோட்டுக் கரை விளக்குகள்... பிரசிடெண்டுக்கே கண் சொக்கியது. உதறிக்கொண்டு கேட்டார்:

"ஊடு யாரு பேருலீங்க?"

காளியண்ணன் தரையைப் பார்த்தபடி, காப்பியோடு வந்த ராமாத்தாளைக் கைகாட்டினார். "இவ பேருல. மாமனார் குடுத்தது."

"அப்ப அம்மிணியையல்ல கேக்கோணும்!"

"பிரிச்சுருங்க சாமி," என்றாள் ராமாத்தாள்.

"அடிப்பாவி! கோர்ட்டுக்குப் போகச் சொன்னதே நீதானே?"

"ஆமாங்க. போர்டு பிரிச்சிருந்தா அடுத்த நாளே மறுக்காக் கட்டியிருப்பீங்க. இப்ப நீங்களே ஜெயிச்சு, என்னையக் கேக்க வெச்சுட்டீங்க. இனி எந்தக் கோர்ட்டுக்குப் போவீங்க?"

சாயங்காலத்துக்குள் கொட்டாய் இருந்த இடத்தில் வெறும் ஆகாசம். காளியண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி நான் எங்க படுக்கறது, அம்மிணி?"

"மாட்டுக் கொட்டாயிலீங்க," என்றாள். "மாட்டுக்கு ஆட்சேபணை இல்லீன்னா."