பாரபட்சம் இல்லாத பித்தளைக் குண்டு

எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் அந்த மென்பொருள் கம்பெனியின் அரங்கத்தில் அன்று நிற்கக்கூட இடமில்லை. சம்பள உயர்வு அறிவிப்புக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. மீட்டிங்கைத் தள்ளிப்போட்டு வந்தவர்கள், லேப்டாப்பைத் திறந்தபடியே வந்தவர்கள், செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவர்கள். அத்தனை பேரும் படித்தவர்கள். அதுதான் விசேஷம்.

வந்திருந்தவர் டாக்டர் சந்திரன். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை; கேட்பது மரியாதை இல்லையாம். கறுப்புக் கோட்டு, கழுத்தில் ஸ்படிக மாலை, கையில் நூலில் கட்டிய ஒரு பித்தளைக் குண்டு. கம்பெனி சமூக நலனுக்கென்று வருடா வருடம் கொடுக்கும் நன்கொடை யாருக்குப் போக வேண்டும் என்பதை மூன்று வருடமாக அந்தக் குண்டுதான் முடிவு செய்கிறது.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. நன்கொடைக் குழுவின் தலைவர் ஹரிஷ்குமார் ஒருமுறை பன்முகத்தன்மைப் பயிற்சிக்குப் போனார். சாதி, மதம், மொழி, நிறம் என்று நமக்கே தெரியாமல் நம் மனத்துக்குள் பாரபட்சம் ஒளிந்திருக்கிறது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பாடம். இவர் அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் மனிதர்களே முடிவு செய்யக் கூடாது என்று முடிவு செய்தார். அந்த நேரம் பார்த்துச் சந்திரன் வந்து சேர்ந்தார்.

"குண்டுக்குச் சாதி கிடையாது சார், மதம் கிடையாது, கண்ணே கிடையாது. ஆளோட அதிர்வை மட்டும்தான் பார்க்கும்."

குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. சந்திரனுக்குத் தனியாக ஒரு கட்டணம். அதிர்வைச் சும்மா பார்க்க முடியுமா?

மூன்று வருடமும் குண்டு ஒரே ஆளின் தலைக்கு மேல்தான் சுழன்றது. அண்ட ஒளி அறக்கட்டளையின் செயலாளர் அருண்குமார். அந்த அறக்கட்டளை என்ன செய்கிறது என்று விசாரித்தால், ஒளி பரப்புகிறது என்றார்கள்.

இந்த வருடமும் மேடையில் நாற்காலிகள் போட்டு, உதவி கேட்டு வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். முதல் நாற்காலியில் ஃபாத்திமா. ஹெப்பகோடியில் கார்மென்ட்ஸுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறவர். காப்பகத்தின் கூரை மழையில் இறங்கிவிட்டது. இந்த உதவி வராவிட்டால் மாதக் கடைசியில் காப்பகத்தை மூட வேண்டியதுதான். தாய்மார்கள் வேலையை விடுவார்கள், இல்லையென்றால் பிள்ளையை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். போன வருடமும் ஃபாத்திமா வந்திருந்தார். குண்டு அவர் தலைக்கு மேல் செத்த எலி மாதிரித் தொங்கியது.

சந்திரன் நூலைத் தூக்கியதும் ஃபாத்திமா எழுந்தார்.

"ஸ்வல்ப இருங்க சார். குண்டுக்குக் கண்ணு இல்ல, சரி. உங்களுக்கு இருக்கே?"

"நான் வெறும் கருவிதாம்மா."

"அப்ப கண்ணைக் கட்டிக்குங்க. கருவிக்கு எதுக்குக் கண்ணு?"

ஹரிஷ்குமாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, பெயரை மறைத்துவிட்டுத்தான் விண்ணப்பத்தைப் படிப்பார்கள்.

"சூப்பர் மேடம்! நம்ம பிராசஸும் இதேதான்!" என்று தன் கைக்குட்டையாலேயே சந்திரனின் கண்ணை இறுக்கிக் கட்டினார். பாவம், உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

ஃபாத்திமா கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். கடைசி நாற்காலியில் இருந்த அருண்குமாரை எழுப்பி ஓரமாக நிற்க வைத்தார். மேடையில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்தார். அருண்குமார் வாயைத் திறந்தார். ஹரிஷ்குமார் "ஷ்ஷ்!" என்று அடக்கி, "கண்ட்ரோல் டெஸ்ட்!" என்று பூரிப்போடு கிசுகிசுத்தார். அவருக்கா டெஸ்டிங் தெரியாது? மூன்று வருடமாக ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஹரிஷ்குமார் கையைப் பிடித்து அழைத்துப்போக, சந்திரன் ஒவ்வொரு நாற்காலியாக வந்தார். ஃபாத்திமாவின் தலைக்கு மேல் குண்டு அசையவில்லை. அடுத்தவர்களுக்கும் அப்படியே. கடைசி நாற்காலிக்கு வந்ததும் சுழன்றது பாருங்கள்!

"ஆஹா! ஏழைகளுக்காக உருகின மனசு இது! கருணை ததும்புது சார், உள்ளே ததும்புது!"

ததும்பியது உண்மைதான். மூடி சரியாகப் போடாத கேன்.

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சந்திரன் இன்னும் வேகமாகச் சுழற்றினார். அருண்குமாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"சித்தப்பா! நான் இங்க நிக்கிறேன்! அது தண்ணி கேன்!"

சிரிப்பு நின்றது.

"சித்தப்பாவா?" என்றார் ஹரிஷ்குமார்.

சந்திரன் கட்டை அவிழ்த்தார். கேனைப் பார்த்தார். "தண்ணீருக்கும் அதிர்வு உண்டு..." என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இருவரும் டீம் லீடர்கள். அதற்குள் செக்யூரிட்டிக்காரர் சித்தப்பாவையும் அருண்குமாரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்.

ஹரிஷ்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "மேடம், இனிமே எப்படி செலக்ட் பண்றது? பயஸ் இல்லாத வேற மெத்தட் ஏதாவது..."

ஃபாத்திமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அரே, உங்க கேட்டுலேர்ந்து ஹெப்பகோடி எவ்ளோ தூரம் சார்? ஆட்டோக்காரன்கூட, நடந்தே போங்கம்பான். இத்தனை வருஷத்துல ஒருத்தராவது வந்து பார்த்தீங்களா? எங்க பிள்ளைங்களைப் பாருங்க, இங்க உக்காந்திருக்கிற மத்தவங்க வேலையையும் போய்ப் பாருங்க. பார்த்துட்டு, உனக்கு இல்லன்னு முகத்துக்கு நேரா சொல்லுங்க. வாங்கிக்கிறேன்."

மறுநாள் குழு எல்லா இடத்துக்கும் புறப்பட்டது. ஹெப்பகோடியில் தார்ப்பாய்க்குக் கீழே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாதக் கடைசிக்குள் கூரை எழும்பியது.

படித்த மகாஜனங்களே, பாரபட்சம் வந்துவிடுமோ என்று பயந்து மூளையை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். அது உங்களிடம் இருக்கிறது என்று நம்பித்தான் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது.