அசல் வெடி

“யோவ், அது ஏழாவது குண்டு!”

திரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அப்துல் அஜீஸின் பிரம்பு அந்தரத்தில் நின்றது. திரையில் இருந்த குதிரைக்காரக் கதாநாயகன் மட்டும் நிற்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று தன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே இருந்தான். ஊமைப் படம்தானே, சுடுவது மட்டும்தான் அவன் வேலை. சத்தம் அஜீஸின் பொறுப்பு.

பினாங்கு மார்க்கெட் தெருவை ஒட்டிய சந்தில் முத்துவீரப்பச் செட்டியார் நடத்திய தகரக் கொட்டகையில் அஜீஸ் சிரட்டையைத் தட்டினால் குதிரை ஓடும். தகரத்தை ஆட்டினால் இடி இடிக்கும். தோல் மெத்தையில் பிரம்பால் ஒன்று போட்டால் துப்பாக்கி வெடிக்கும். ஆறு வருஷமாக யாரும் ஒரு குறை சொன்னதில்லை. இப்போது சொன்னவர் கிராணியார் சந்திரசேகரன். அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில், தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை. சனிக்கிழமை தவறாமல் படகேறி வந்து, முன்வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

படம் முடிந்ததும் அஜீஸ் அவரை வாசலில் பிடித்தான்.

“அண்ணே, ஏழாவது குண்டுன்னா என்ன தப்பு?”

“ரிவால்வர்ல ஆறுதான் கொள்ளும் தம்பி. எங்க துரை வெச்சிருக்காரு, கண்ணால பார்த்திருக்கேன்.”

“படத்துல இருக்கிறது கொஞ்சம் பெரிய துப்பாக்கியோ என்னமோ?”

“பெருசா இருந்தா நிறைய கொள்றதுக்கு அது என்ன சோத்துப் பானையா? சுட்டு முடிச்சா திரும்பக் குண்டு போடணும். ஒங்க ஆளு ஒரு வாட்டியாவது போட்டானா? குதிரை ஓடுது, தொப்பி விழல, குறி தப்பல, குண்டும் தீரல!”

அஜீஸ் யோசித்துப் பார்த்தான். ஆறு வருஷமாகச் சுட்டுத் தள்ளியிருக்கிறான், இந்தச் சந்தேகம் அவனுக்கு வந்ததே இல்லை. வந்த பிறகு போகவும் இல்லை. சுடப்பட்டவன் ஏன் பின்னால் பறந்து போய் விழுகிறான்? எதிரியின் விரலில் படாமல் அவன் கைத்துப்பாக்கியை மட்டும் எப்படிச் சுட்டுத் தட்டிவிட முடியும்? கேட்கக் கேட்கக் கேள்வி வளர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை, தொடர் படத்தின் அடுத்த பாகம். நேர்மையாக ஆறு முறை அடித்துவிட்டு அஜீஸ் பிரம்பைக் கீழே வைத்துவிட்டான். கதாநாயகன் ஏழாவது முறை சுட்டான். சத்தமே இல்லாமல் வில்லன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

“என்னய்யா, மாரடைப்பா?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். கொட்டகை சிரித்தது. கொலை நடக்கும் இடத்தில் ஜனங்கள் சிரித்தால் கொட்டகைக்காரருக்கு எப்படி இருக்கும்? செட்டியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் ஆபத்து.

கிராணியாருக்கும் திருப்தி இல்லை. “எண்ணிக்கை சரி. ஆனா சத்தம் அசலா இல்லையே தம்பி. மெத்தை தட்டுற மாதிரில்ல இருக்கு?”

மெத்தைதான் தட்டுகிறான் என்பதை அஜீஸ் சொல்லவில்லை. “அசல் எப்படி இருக்கும்?” என்று ஆசையோடு கேட்டான். அவன் பிறந்ததிலிருந்து ஒரு துப்பாக்கி வெடித்தும் கேட்டதில்லை. இதைச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை படகேறி பத்து காவானுக்குப் போனான். தென்னை மரத்தில் அணில் சுடும் துரைக்காக ஆபீஸ் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தான். கடைசியில் துரை வந்தார், குறி பார்த்தார், சுட்டார்.

டப்.

அவ்வளவுதான். காய்ந்த குச்சியை யாரோ மிதித்த மாதிரி ஒரு சத்தம். அணில் நிதானமாக அடுத்த மட்டைக்கு நடந்து போனது.

“இதுதானாண்ணே?”

“இதேதான். பெத்துல், ரொம்பச் சரி!” என்றார் கிராணியார், தானே சுட்டதுபோல.

அஜீஸுக்குப் பரம சந்தோஷம். உலகத்திலேயே அசல் சத்தம் தெரிந்த ஒரே கொட்டகைக்காரன் தான்தான் என்று நினைத்துக்கொண்டான். மெல்லிய சாதிக்காய்ப் பலகைகளை வாங்கிக் காயவைத்து, சனிக்கிழமை ஒவ்வொன்றாக ஒடித்தான். டப். டப். டப்.

“டேய், யாருடா அப்பளம் நொறுக்குறது?”

“காசு குடுத்தவனுக்கும் ஒண்ணு குடுங்கப்பா!”

செட்டியார் இரண்டாம் முறை கண்ணாடி துடைத்தார். படம் முடிந்ததும் அஜீஸைக் கூப்பிட்டார்.

“அஜீஸு, சிங்கப்பூர்ல பெரிய கிராமபோன் வந்திருக்காம். துப்பாக்கி, இடி, குதிரை எல்லாம் தட்டுலேயே இருக்கு. தட்டு அசல் நகல்னு ஆராய்ச்சி பண்ணாது. வர்ற சனிக்கிழமை ஜனம் சிரிச்சா, திங்கட்கிழமை நான் தந்தி குடுத்து அதை வரவழைச்சுடுவேன்.”

“செட்டியார், அசல் துப்பாக்கி அப்படித்தான்...”

“அசலை எவன்டா கேட்டான்? எனக்குத் துப்பாக்கி வேணும்!”

வேலை போனால் அஜீஸுக்கு மச்சானின் மிளகாய்க் கிடங்குதான் கதி. அங்கே ஒரு மணி நேரம் நின்றால் அவன் நாற்பது தும்மல் போடுவான். தும்மல்கூடப் பரவாயில்லை. சிரட்டையைக் கையில் எடுத்ததும் இருநூறு பேர் குதிரையை நம்புகிறார்களே, அந்தச் சந்தோஷத்தை எந்தக் கிடங்கில் போய்த் தேடுவது?

அது நோன்பு மாதம். மாலையில் கஞ்சிக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டே மனைவி ஹாஜரா எல்லாவற்றையும் கேட்டாள்.

“ஒங்களுக்கு அசல் தெரியுது. படம் பார்க்க வர்றவங்க துப்பாக்கி சத்தம் எங்க கேட்டிருக்காங்க?”

“எங்கேயும் இல்ல.”

“அப்ப அவங்க காதுக்குத் தெரிஞ்ச ஒரே வெடி எது?”

அவள் கேட்டு வாய் மூடவில்லை, கடற்கரையிலிருந்து நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி முழங்கியது. அஜீஸ் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியை அப்படியே பார்த்தான்.

“சாப்பிடுங்க லா. அப்புறம் பார்க்கலாம்,” என்றாள் அவள்.

பீரங்கிக்கு எங்கே போவது? கம்பத்துப் பக்கம், மலாய்க் கிராமங்களில், நோன்பு மாதத்தில் மூங்கில் வெடி வெடிப்பார்கள். தடித்த மூங்கிலில் தண்ணீர் விட்டு, விளக்குக்குப் போடும் கார்பைட் கல்லைப் போட்டு, ஓட்டையில் நெருப்புக் காட்டினால் பூமி அதிரும். அஜீஸ் ஓர் ஆள் உயரத்துக்கு மூங்கில் கொண்டுவந்தான். ஆறு குண்டும் பிரம்பு. வில்லனைக் கொல்லும் ஏழாவதுக்கு மட்டும் மூங்கில்.

“கொட்டகைக்குள்ள நெருப்பா? படச்சுருள் பத்திக்கிட்டா எல்லாரும் சாம்பல்!” என்று செட்டியார் குதித்தார். “வெளிய வெச்சுக்க!”

ஆகவே மூங்கில் பக்கவாசலுக்கு வெளியே போனது. அதன் வாய் தெருவைப் பார்த்தது. எதிரே மீரா சாகிப்பின் சாப்பாட்டுக் கடை.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் படம் தொடங்கியது. எந்த வாரத்து வில்லனும் வழக்கமாக ஆறு மணிக்குச் சாவான். அன்று சுருள் இரண்டு முறை அறுந்து, ஒட்டி, மறுபடி ஓடி, அவன் சாவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அஜீஸுக்கு மணி பார்க்க நேரமில்லை. கதாநாயகன் ஆறு முறை சுட்டான். அஜீஸ் ஆறு அடி அடித்துவிட்டுப் பக்கவாசலுக்கு ஓடி நெருப்பைக் காட்டினான்.

தகரக் கூரை ஆடியது. புறாக்கள் பறந்தன. வில்லன் விழுந்தான், முன்வரிசையில் இரண்டு பேரும் கூடவே விழுந்தார்கள். பிறகு கொட்டகை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. கிராணியார் குடையைத் தூக்கி ஆட்டினார்.

“இதுதான்யா அசல் துப்பாக்கி!”

“அண்ணே, தோட்டத்துல டப்புன்னுதானே கேட்டுச்சு?”

“அது துரை சுட்டது. படத்துல சுட்டா இப்படித்தான் இருக்கணும்.”

செட்டியார் கண்ணாடியைத் துடைக்காமல் மாட்டிக்கொண்டு சிரித்தார். அஜீஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவும் ஏனோ திடீரென்று அமைதியாகிவிட்டதைக் கவனித்துப் பக்கவாசலில் எட்டிப் பார்த்தான். மீரா சாகிப் கடையில் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். துணிக்கடைக்காரர் பேரீச்சங்கொட்டையைத் துப்பினார். மாட்டுவண்டிக்காரர் இரண்டாவது வடையில் இருந்தார்.

ஐந்து நிமிஷம் கழித்துக் கடற்கரையில் பீரங்கி வெடித்தது.

முப்பது கஞ்சிக் கோப்பைகள் நடுவழியில் நின்றன.

“ரெண்டாவதா கேட்டதுதான் போலி. சோகையால்ல இருந்துச்சு!” என்றார் துணிக்கடைக்காரர்.

“அப்ப மொதல்ல கேட்டது?”

எல்லார் கண்களும் கொட்டகைப் பக்கம் திரும்பின. மூங்கில் வாயில் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.

மீரா சாகிப் கையில் அகப்பையோடு தெருவைக் கடந்து வந்தார். “அஜீஸ், நீயும் நோன்பு புடிக்கிறவன்தானே? எங்க எல்லாரோட இன்னிக்கு நோன்பையும் சுட்டுட்டியே! இன்னொரு நாள் புடிச்சு ஈடு கட்டணும், தெரியும்ல?”

“தெரியாம நடந்துபோச்சு மாமா. நான் வில்லனைத்தான் சுட்டேன்.”

“சும்மா இருந்த என்னையும் சேர்த்துல்ல சுட்டே!”

கூட்டம் கூடியது. செட்டியாரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தெருவைப் பகைத்துக்கொண்டு கொட்டகை நடத்த முடியுமா? “நாளையிலேர்ந்து வராதே அஜீஸு,” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். அஜீஸ் பிரம்பையும் இரண்டு சிரட்டைகளையும் துண்டில் முடிந்தான்.

அப்போது கூட்டம் தானாக வழி விட்டது. பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிச் சட்டையோடு வந்தவர் கமாலுதீன். கடற்கரைப் பீரங்கியை வெடிக்கும் அரசாங்கச் சேவகர். ஆபத்து என்று சொல்லிப் பீரங்கிப் பக்கம் ஒரு காக்கையைக்கூட அண்டவிடாத மனிதர்.

“வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க,” என்றார் மீரா சாகிப். “சர்க்கார் பீரங்கிக்குப் போட்டியா ஒருத்தன் மூங்கில்ல வெடிக்கலாமா? அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். கேளுங்க இவனை!”

கமாலுதீன் குனிந்து மூங்கிலைச் சாண் போட்டு அளந்தார். வாயை முகர்ந்தார். உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அஜீஸின் தோளில் கை வைத்தார்.

“இவனை நான் கூட்டிட்டுப் போறேன். மூங்கிலையும் எடுத்துக்கடா.”

கூட்டத்துக்கு நிம்மதி. அஜீஸுக்குக் கேள்வி மேல் கேள்வி. ஹாஜராவுக்கு யார் போய்ச் சொல்வது? சிறையில் கஞ்சி ஊற்றுவார்களா? மூங்கிலைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்தான்.

தெருமுனை திரும்பியதும் கமாலுதீன் நின்று, முன்னும் பின்னும் பார்த்தார்.

“தம்பி, நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கிட்ட வேலைக்கு வந்துடு.”

“என்ன வேலைக்குங்க?”

கமாலுதீன் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பீரங்கி பிளந்து எட்டு வருஷமாச்சு, நானும் மூங்கில்லதான் வெடிக்கிறேன், ஆனா இவ்வளவு அசலா ஒரு நாளும் வந்ததில்ல... கார்பைட் எவ்வளவு போட்டே?”