வரதராஜன் வீட்டுச் சுவரில் ஒரு மாமரம்

மஞ்சளாக வரைந்த மாம்பழமெல்லாம் மத்தியானத்துக்குள் சிவந்துவிட்டன. ஒன்றிரண்டு அல்ல, மரம் முழுக்க. கந்தன் பின்னால் நகர்ந்து பார்த்தான், கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், தலையைச் சாய்த்தும் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் சிவப்புதான்.

சைக்கிளில் போன கீரைக்காரர் ஒரு காலை ஊன்றி நின்றார். "தக்காளியா தம்பி?"

"மாம்பழம்."

"அதானே, மரத்துல தக்காளி காச்சிருக்குதேன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துப் போய்விட்டார்.

கந்தன் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்தவன். டப்பா பெயின்ட் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. மஞ்சளுக்கும் கரிக்கும் உயிர் உண்டு, அவை பேசும், ஓவியன் காது கொடுத்துக் கேட்டால் போதும் என்பது அவன் கட்சி. இதை அவன் ஆரம்பித்தால் கேட்பவர்களுக்குத் திடீரென்று ஏதாவது வேலை நினைவுக்கு வந்துவிடும். கடைசிவரை உட்கார்ந்து கேட்டவள் காயத்ரி ஒருத்திதான். அதுவும் கல்யாணத்துக்கு முன்னால்.

கல்யாணத்துக்குப் பின்னால் காயத்ரி ஒரு கெடு வைத்திருந்தாள். அவள் அண்ணன் குரு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தான். காதுகுத்து பேனரில் தாய்மாமன்களின் தலைகளை வட்டம் வட்டமாக வெட்டி ஒட்ட அவனுக்கு ஆள் தேவை. இந்த வாரத்துக்குள் ஒரு வேலையாவது உருப்படியாக முடியாவிட்டால் திங்கட்கிழமை கந்தன் அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும்.

இந்த நேரத்தில்தான் செவிலிமேட்டு வரதராஜன் அவனைத் தேடிக்கொண்டு வந்தார். பாலாற்றுப் பக்கம் நிலம், கட்சியில் ஏதோ பொறுப்பு, புதிதாகக் கட்டிய வீடு. வெள்ளிக்கிழமை பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் தெருப்பக்கத்து மதில் முழுக்க ஒரு படம் வேண்டும் என்றார்.

"என்ன வரையறியோ அது உன் இஷ்டம் தம்பி. ஆனா டப்பா பெயின்ட் ஒரு சொட்டு படக் கூடாது. எல்லாம் இயற்கையா இருக்கணும். அதுக்குத்தான் உன்னாண்ட வந்திருக்கறேன்."

கந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. வீட்டுக்கு ஓடிவந்து காயத்ரியிடம் சொன்னான். "பொருளோட உயிரைப் புரிஞ்சிக்கினு ஒரு மனுசன் பேசுறாரு, காயத்ரி."

"எலெக்சன் வருதா?" என்று கேட்டாள் காயத்ரி.

அப்படி வந்த சுவர்தான் இப்போது தக்காளி காய்த்து நிற்கிறது. கந்தன் அவளுக்குப் போன் போட்டான்.

"மஞ்சள் செவந்து போச்சு."

"ஆரத்தி கரைக்கறப்ப மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டா என்னங்க ஆவும்?"

"செவப்பாவும்."

"சுவத்துக்கு என்ன அடிச்சிருக்கீங்க?"

கந்தன் சுவரைப் பார்த்தான். அவன் கையாலேயே, ரசித்து ரசித்து, இரண்டு முறை சுண்ணாம்பு அடித்த சுவர்.

"பொருள் பேசுச்சா?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

சுண்ணாம்பில் சிவந்தது புளிப்பில் திரும்பும் என்று கந்தனுக்குத் தெரியும். கடைக்கு ஓடி ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வந்து பிழிந்து தடவினான். மஞ்சள் திரும்பியது. சுவரும் பொரிந்தது. எலுமிச்சைச் சாறு சுண்ணாம்பில் பட்டு நுரைத்து, நிறத்தையும் இழுத்துக்கொண்டு கீழே வழிந்தது. சாயங்காலம் பார்த்தால் மாம்பழம் ஒவ்வொன்றுக்கும் சளி பிடித்து மூக்கு ஒழுகுவது போல இருந்தது.

நிறம் சுவரைப் பிடித்து நிற்க ஏதாவது பசை வேண்டும். கந்தனின் அம்மா கமலவேணி தறிக்குப் பாவு நூல் விரித்து, அரிசிக் கஞ்சி போட்டு, வெயிலில் காய வைத்தே வளர்ந்தவர்.

"பட்டு நூலையே பிடிச்சு நிறுத்துதுடா கஞ்சி. உன் சுவத்தை நிறுத்தாதா?" என்றார்.

மஞ்சள் சுண்ணாம்பில் படாதிருக்க முதலில் வெறும் கஞ்சியைப் பூசிக் காயவிட்டு, ஒரு அண்டா கஞ்சியில் மஞ்சளைக் கலக்கிப் பழங்களைப் போட்டான். அகத்திக்கீரைச் சாற்றைக் கலக்கி இலைகளைப் போட்டான். அடுப்புக்கரியில் அடிமரம். அற்புதமாக நின்றது. பட்டுப்புடவை மாதிரி ஒரு மினுமினுப்பு வேறு. கந்தன் படம் எடுத்து வரதராஜனுக்கு அனுப்பினான். அவர் மனைவியோடு உறவுக்காரர்களுக்குத் தாம்பூலம் வைத்து அழைக்க வெளியூர் போயிருந்தார். ஒரு கும்பிடு பொம்மை பதிலாக வந்தது.

மறுநாள் வெயிலில் கஞ்சி புளித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மாம்பழங்கள் மேல் நிஜமான ஈக்கள் உட்கார்ந்தன. தூரத்திலிருந்து பார்க்க அது ஒன்றும் மோசமாக இல்லை என்று கந்தன் நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, சாப்பிடலையா?"

"இந்த ஊறுகாய் எப்பப் போட்டது?"

"போன வருசம். ஏன், நாறுதா?"

"நாறல." கந்தன் எழுந்துவிட்டான். "நாறவே இல்ல, காயத்ரி! உப்பு!"

பெரிய ஓவியர்களுக்கெல்லாம் இப்படித்தான் சாதாரணமான ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பொறி தட்டும் என்று அவன் படித்திருக்கிறான். மாங்காய் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாம்பழ ஓவியத்துக்குத் தட்டியது அவனுக்கே உடம்பைச் சிலிர்க்க வைத்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு, புளித்த கஞ்சியைச் சுரண்டி எடுத்தான். புதுக் கஞ்சியில் கல்லுப்பைக் கைநிறைய அள்ளி அள்ளிப் போட்டு, மரத்தை வேரிலிருந்து உச்சி வரை மறுபடி வரைந்து முடித்தான். நாற்றம் போய்விட்டது. அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

வியாழக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது மரத்தின் கீழ்ப்பாதியைக் காணவில்லை.

ஒரு செவலைப் பசு இடதுபக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு இடம் விடாமல், பொறுமையாக நக்கிக்கொண்டு வந்தது. அதன் கன்று வேர்களைக் கவனித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு மாடுகள்.

"ஏய்! போ! ஹேய்!" கந்தன் பசுவின் முகத்தைப் பிடித்துத் தள்ளினான். பசு அவன் கையை நக்கிப் பார்த்தது. இரண்டும் ஒரே ருசி என்று தெரிந்ததும், பெரிதாக இருந்த சுவருக்கே திரும்பிவிட்டது. கந்தன் இரண்டு கைகளையும் விரித்து மரத்தை மறைத்துக்கொண்டு நின்றான். சட்டையெல்லாம் கஞ்சி. பசு சட்டையை ஆரம்பித்தது.

ஒன்பது மணிக்கு மேல்கிளைகள் மட்டும் அந்தரத்தில் தொங்கின. கந்தனுக்கு அழுகை வந்தது. அவனை நம்பிய ஒரே மனிதர். அவர் முகத்தில் எப்படி விழிப்பது? செல்லை எடுத்து குருவுக்கு, 'திங்கட்கிழமை வரேன் மச்சான்' என்று தட்டி அனுப்பினான்.

அனுப்பி முடிப்பதற்குள் வரதராஜனின் கார் வந்து நின்றது. அவரும் அவர் மனைவி ஜெயம்மாளும் இறங்கினார்கள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. தப்பு பூரா என்னுதுதான்."

வரதராஜன் சுவரைப் பார்க்கவில்லை. நேராகத் தன் செவலைப் பசுவிடம் போய், தாடையைத் தூக்கி, வாயைப் பிளந்து நாக்கைப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது.

"எவ்ளோ நேரமா நக்கிக்கினு இருக்குது?"

"விடியறதுக்கு முன்ன ஆரம்பிச்சிருக்கும்யா."

"என்னென்ன போட்ட? ஒண்ணு விடாம சொல்லு."

கந்தன் தலையைக் குனிந்துகொண்டான். "மஞ்சள், சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம், அகத்திக்கீரை, அடுப்புக்கரி, அரிசிக் கஞ்சி... கல்லுப்பு."

"டப்பா பெயின்ட்?"

"ஒரு சொட்டு இல்லங்கய்யா! எங்கம்மா மேல சத்தியமா!"

வரதராஜனின் முகம் மலர்ந்தது. கஞ்சியும் எச்சிலுமாக நின்றவனை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார். "நீதான்யா ஓவியன்! நாளைக்கு இதும்மேல வாழைமரத்தைக் கட்டி மறைச்சிக்கலாம். போனாப் போவுது. மாசா மாசம் வந்து புதுசா வரைஞ்சிட்டுப் போ. உப்பு மட்டும் கொஞ்சம் கொறைச்சிக்க."

கந்தன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். அழிந்து அழிந்து மறுபடி பிறக்கிற ஓவியம்! இப்படி ஒரு எண்ணம் அவனுக்கே தோன்றியதில்லை. குருவுக்கு அனுப்பியதை அவசரமாக அழித்தான்.

"அம்மா," என்றான் ஜெயம்மாளிடம். "பொருளோட உயிரை ஐயா மாதிரி புரிஞ்சிக்கினவங்கள நான் பார்த்ததே இல்லம்மா."

ஜெயம்மாள் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "கேட்டுக்கு அடிச்ச பெயின்ட்ட நக்கித்தான் தம்பி இதோட ஆத்தா செத்துப்போச்சு, அதுலேர்ந்து, மாடு தின்னாலும் ஒண்ணும் ஆவாத ஓவியனா வேணும்னு ஊரெல்லாம் தேடி, இவரு உன்னைக் கண்டுபுடிச்சாரு."