விதி எண் ஒன்பதும் ஒரு முட்டையும்

சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நிறைவள நாட்டு ஏழைகள் மெலிந்திருப்பதற்கான காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மூன்று ஆண்டுகள், நாற்பத்தொரு கூட்டங்கள், கூட்டத்துக்கு இருவேளை விருந்து என்று ஆராய்ந்த நிபுணர் குழு, கரம்பைக்குடிச் சூளைத் தொழிலாளர்கள் மெலிந்தது உணவு இல்லாமையால் அல்ல, உணவைப் பற்றிய அறிவு இல்லாமையால்தான் என்று ஒருமனதாக முடிவு செய்தது. அறிக்கையின் அட்டை அரசருக்குப் பிடித்திருந்தது. உடனே கையெழுத்திட்டார். ‘உண்ணுமுன் உணர்வோம்’ பெருந்திட்டம் பிறந்தது.

அப்போது கரம்பைக்குடியில் செங்கல் சுமக்கும் பொன்னுருவிக்கு ஆறாம் மாதம். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை: ஒரு முட்டை. பாதி அல்ல, குழம்பில் கலக்கிவிட்டது அல்ல. முழு முட்டை, தனக்கே தனக்கு. அதற்காகவே ஒரு கறுப்புப் பெட்டைக்கோழியை வளர்த்து, அது எங்கே போனாலும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, புருசன் பின்னாடிகூட நீ இப்படிப் போனதில்லையே” என்றாள் பக்கத்துக் குடிசை வெள்ளத்தாய்.

“அவரு முட்டை போடுவாராக்கா?”

திட்டத்தின் முதல் ஆணை வந்தது: ஊரார் அனைவருக்கும் உணவறிவு வகுப்பு, காலை ஏழு மணிக்கு. சூளையில் ஆள் எடுப்பதும் ஏழு மணிக்குத்தான். வராத குடும்பத்துக்கு அரசின் இலவசத் தானியம் கிடையாது என்பதால் எல்லோரும் வந்தார்கள். கூலி போயிற்று, கூலியோடு மதியக் கஞ்சியும் போயிற்று. விளக்க அலுவலர் அறவாழி முதல் பாடத்தைத் தொடங்கினார். தலைப்பு: வெறும் கஞ்சி குடிப்பதன் தீமைகள்.

உணவுப் படங்களைக் காட்டினால் மாணவர்கள் பெருமூச்சு விடுகிறார்களே தவிரக் குறிப்பெடுப்பதில்லை என்று அவர் தலைநகருக்கு எழுதினார். இரண்டாம் ஆணை வந்தது: செய்முறை விளக்கத்துக்காகக் கரம்பைக்குடிக் கோழிகள் அனைத்தும் அரசுடைமை. கறுப்புப் பெட்டை அன்று காலையில்தான் முட்டையிட இடம் தேடிக் கேறத் தொடங்கியிருந்தது. அது தன் முதல் முட்டையை வகுப்பறைக் கூடையில் இட்டது.

ஊட்டறிவுத் துறையின் விதி எண் ஒன்பது: காட்சிப்பொருளைத் தொடலாம், முகரலாம், உண்ணலாகாது. முட்டை கைக்குக் கை மாறி வந்தது. பொன்னுருவியின் உள்ளங்கையில் அது இன்னும் சூடாக இருந்தது. வயிற்றில் பிள்ளை ஒருமுறை உதைத்தது. அவள் விரல்கள் மூடிக்கொண்டன.

“பார்த்தாச்சுல்ல? அடுத்தவங்ககிட்ட குடும்மா” என்றார் அறவாழி.

“இது என் கோழி போட்டதுங்க ஐயா.”

“கோழி அரசாங்கத்தோடது. அறிவு உன்னோடது. எது பெருசு?”

“அதைப் பசிக்கிறவகிட்டயா கேக்குறது?” என்றாள் வெள்ளத்தாய், யாருக்கும் கேட்காதது போல, எல்லோருக்கும் கேட்கும்படி.

முட்டை காட்சிப் பெட்டிக்குப் போயிற்று. அடுத்தடுத்து வந்தவையும் போயின. வெயில் காலத்தில் அவை அழுகியபோது, காட்சிக்காலம் முடிந்த பொருள்கள் என்று அறிவித்து, உரிய மரியாதையுடன் புதைத்தார்கள்.

பொன்னுருவியின் ஒன்பதாம் மாதத்தில் தேர்வு வந்தது. ஊட்டறிவு அமைச்சர் பேரின்பநாதரே எழுந்தருளினார்.

“முட்டையைப் பற்றி நீ அறிந்ததைக் கூறு, பெண்ணே.”

பொன்னுருவி கண்களை மூடிக்கொண்டாள்.

“தண்ணி சூடாகுறப்பவே மெதுவா விடணுங்க. கொதிக்கையில போட்டா ஓடு விரிசல் விட்டுரும். வெந்ததும் பச்சைத்தண்ணியில போட்டு உருட்டணும். ஓட்டுக்கு அடியில ஒரு மெல்லிசுத் தோலு இருக்கும், அதையும் உரிச்சிரணும். உப்பு, கொஞ்சூண்டு மொளகுத்தூளு. வெள்ளையைச் சுத்திச் சுத்திக் கடிச்சிட்டு, கருவைக் கடைசிக்கு வச்சிக்கணும். நாக்குல வச்சு அழுத்துனா மாவாட்டம் கரையும். உடனே தண்ணி குடிச்சிரக் கூடாதுங்க. அந்த ருசி கொஞ்ச நேரம் அங்கேயே கெடக்கட்டும்...”

வகுப்பே எச்சில் விழுங்கியது. அறவாழியும் விழுங்கினார்.

“அபாரம்!” என்றார் அமைச்சர். “இவ்வளவு உணர்ந்தவளுக்கு நாம் இன்னும் இலவசத் தானியம் கொடுப்பது அவள் அறிவை அவமதிப்பதாகும்.”

அவமதிப்பு அன்றே நிறுத்தப்பட்டது. தேர்வில் தேறியவர்கள் ‘ஊட்டம் உணர்ந்தோர்’. அவர்களுக்கு இனித் தானியம் தேவையில்லை. கரம்பைக்குடியில் தேறாதவர் எவருமில்லை.

முதல் மாணவி பொன்னுருவி முட்டையோடு சிரிப்பதாக நாற்சந்தியில் பெரிய ஓவியம் எழுந்தது. ஓவியர் அவள் கன்னங்களைத் தம் செலவிலேயே நிரப்பியிருந்தார்.

“கையில ஒண்ணைக் குடுத்துட்டாவது வரைஞ்சிருக்கலாம்” என்றாள் அவள், வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு.

பசியைப் பாடத்தாலேயே வென்ற முதல் நாடு என்று நிறைவள நாட்டுக்கு விருது கிடைத்தது. அண்டை நாட்டு மன்னர்கள் ஆள் அனுப்பிப் பாடநூலை வாங்கிப் போனார்கள். உங்கள் ஊருக்கும் வந்திருக்கலாம்.

விருது விழா நடந்த அன்று, மாதம் நிறைந்து, பொன்னுருவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை ஒன்றே முக்கால் கிலோ.