மூன்று பூட்டும் ஒரு வால்வும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதும் கடிதம். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், முறை அதுதான். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, அதன்மேல் அத்தையின் சால்வை, காலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காலுறைகள், இப்படி உட்கார்ந்து எழுதுகிற மனிதன் எவ்வளவு நலமோ அவ்வளவு நலம். கையுறையோடு எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். அங்கே நீங்களும் மகளும் குழந்தையும் கதகதப்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்தால் அதைப் பதில் கடிதத்தில் எழுத வேண்டாம், வயிற்றெரிச்சலாக இருக்கும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எல்லையில் நிற்கும் ஒரே ஒரு லாரியை உள்ளே விடச் சொல்ல வேண்டும். நீங்கள் வேலை பார்ப்பது மூன்று நாட்டு எரிவாயு ஒத்துழைப்புக் குழுவின் அலுவலகம். "அப்பா, அவரு அங்க மீட்டிங் ஹாலுக்கு நாற்காலி போடுற பிரிவுப்பா, அவரால என்ன ஆகும்?" என்று மகள் போனில் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பது உங்கள் கையில் அல்லவா இருக்கிறது! பஸ் டிப்போவில் டைம் கீப்பராகவே தலை நரைத்தவன் சொல்கிறேன், பெரிய அதிகாரிகளால் ஆகாத காரியமெல்லாம் உங்களைப் போன்றவர்களால்தான் ஆகும்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நம் வீடு சரிவில் கட்டியது, நீங்கள் முதல் தடவை வந்தபோதே படியில் தடுக்கி விழுந்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். தெரு மேல்மாடியோடு ஒட்டி ஓடுகிறது. அதனால் எரிவாயுக் குழாய் தெருவிலிருந்து முதலில் மேல்மாடியில் என் அண்ணன் வீட்டு அடுப்புக்குப் போகிறது. அங்கிருந்து இறங்கி நடுமாடியில் குடியிருக்கும் லாரி டிரைவர் வீட்டுக்கு. அவர்களைத் தாண்டி, மிச்சம் இருந்தால், கீழே நமக்கு. குளிர்காலம் தொடங்கியதும் வாயு அனுப்புகிற நாட்டுக்கும் நம் அரசாங்கத்துக்கும் ஏதோ தகராறு, பாதிதான் அனுப்புகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்தப் பாதியில், குழாய்க்கு நடுவில் வழிவிடுகிற நாடு கொஞ்சம் எடுத்துக்கொண்டு, நம் ஊருக்கு வந்தது ஒரு பெருமூச்சு அளவு. மேலே அண்ணி குளிக்க வெந்நீர் போட்டால் கீழே உங்கள் அத்தையின் அடுப்பு கண்ணை மூடிவிடும். ஒருநாள் அரைவேக்காட்டு உருளைக்கிழங்கைக் கடித்த கோபத்தில், வாய் சும்மா இருக்காமல், "அண்ணி குளிக்கிறாங்களா, இல்ல குளத்தையே கொதிக்க வைக்கிறாங்களா?" என்று டிரைவர் மனைவியிடம் கேட்டுத் தொலைத்தேன். வாயு கீழே இறங்கத்தான் அடம் பிடித்தது; வார்த்தை மேலே ஜோராக ஏறிவிட்டது. அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்க்கிறார். மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அடுப்பு அணைந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. கூடப் பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆனால் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. உருளைக்கிழங்கு வேகாதது உண்மைதானே?

அப்போதுதான் உங்கள் அலுவலகம் அச்சிட்ட அந்தப் பளபளப்பான புத்தகம் கண்ணில் பட்டது. குழந்தை படம் பார்க்கட்டும் என்று கொண்டுவந்து இங்கேயே விட்டுப் போனீர்களே, அதுதான். கொடுக்கும் நாடு, வழிவிடும் நாடு, வாங்கும் நாடு, மூவரும் கூடி ஒப்பந்தம் போட வேண்டும், ஒருவர் தன் இஷ்டத்துக்கு வாயுவை நிறுத்தக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. படித்ததும் எனக்குப் புல்லரித்தது. நம் வீட்டுக் கதையை அல்லவா எழுதியிருக்கிறார்கள்! கொடுக்கும் நாடு அண்ணன், வழிவிடும் நாடு டிரைவர், வாங்கும் நாடு நான். உடனே ஓர் ஒப்பந்தம் எழுதி, டிரைவர் மனைவி மூலம் மேலே அனுப்பினேன். அண்ணன்தான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஆயிற்றே, சிவப்பு மையால் திருத்தி, "பத்துக்கு நாலு. கையெழுத்து மோசம்" என்று போட்டுத் திருப்பி அனுப்பினார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். தெருச்சுவரில் வால்வுப் பெட்டி இருக்கிறது, அதன் கதவில் மூன்று வீட்டாரும் ஆளுக்கொரு பூட்டுப் போடுவது, மூன்றையும் கழற்றினால்தான் பெட்டி திறக்கும், எனவே யாராலும் யாருக்கும் தெரியாமல் வால்வை மூட முடியாது. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பெட்டிமுன் நின்றோம். வால்வு சரியாகத் திரும்புகிறதா என்று நான் ஒரு தடவை மூடித் திறந்து பார்த்தேன். நான் பார்த்ததை நம்பாமல் அண்ணனும் மூடித் திறந்து பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று டிரைவரும் ஒரு திருகு திருகினார். பிறகு கதவைச் சாத்தி, கிளிக், கிளிக், கிளிக் என்று மூன்று பூட்டு. கை தட்டினோம். டிரைவர் மனைவி படம் எடுத்தார். டிரைவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறி, ஹார்ன் அடித்துவிட்டு எல்லை தாண்டி லோடு இறக்கக் கிளம்பிவிட்டார். நான் கீழே வந்தேன். அத்தை அடுப்பைப் பற்றவைத்தாள். தீக்குச்சிதான் எரிந்தது. வால்வை மூடியபடியே பூட்டிவிட்டோம் மாப்பிள்ளை! கடைசியாகத் திருகியவர் டிரைவர்தான் என்று நான் சொல்கிறேன், அதற்கு முன்னால் நான் சரியாகத் திறக்கவில்லை என்று அண்ணன் சொல்லி அனுப்புகிறார். யாராலும் தனியாக மூட முடியாத ஏற்பாடு, யாராலும் தனியாகத் திறக்கவும் முடியாத ஏற்பாடாக முடிந்தது. உங்கள் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

டிரைவர் போன மறுநாளே தகராறு முற்றி எல்லையை மூடிவிட்டார்கள். போன் செய்தால், "அண்ணே, முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரி, நடுவுல நான். சாவி பத்திரமா இருக்கு, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க!" என்கிறார். எரிவாயு வாரியத்துக்குப் போன் செய்தேன். "வாயு எங்களுது, நாங்க விட்டுக்கிட்டுதான் இருக்கோம். பூட்டு உங்களுது" என்று வைத்துவிட்டார்கள். உங்கள் அத்தையோ இருமிக்கொண்டே, "சுத்தியல எடுத்து ரெண்டு போடு போட்டா தீந்தது. பூட்டு பெரிசா, என் நெஞ்சுச் சளி பெரிசா?" என்று கேட்கிறாள். அவளுக்குச் சொன்னால் புரியாது. "பூட்டை உடைப்பவர் ஒப்பந்தத்தை உடைத்தவர்" என்று அண்ணன் சிவப்பு மையால் ஒரு விதி சேர்த்திருக்கிறார். நான் உடைத்தால், இவன் இப்படித்தான் செய்வான் என்று தெரியும் என்பார். அவர் உடைத்தால் அதையே நான் சொல்வேன். எனவே அவர் தன் பூட்டை மட்டும் கழற்றிவிட்டு, "தடை என் பக்கம் இல்லைன்னு கீழ சொல்லிடு" என்று டிரைவர் மனைவியிடம் சொன்னார். நான் மூச்சிரைக்க மேலே ஓடி என் பூட்டைக் கழற்றினேன். இப்போது தொங்குவது வழிவிடும் நாட்டின் பூட்டு மட்டும்.

வயிறு ஒப்பந்தம் பார்க்குமா? அத்தை ஒரு மின் அடுப்பு வாங்கிவந்தாள். அதைப் பார்த்து மேலேயும் ஒன்று வாங்கினார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எரிந்தால் ஃபியூஸ் போய் மூன்று மாடியும் இருட்டு. கடைசியில் பெண்கள் மூவரும் கூடிப் பேசி, எங்களில் யாரையும் கேட்காமல், ஒரே அடுப்பு, அதுவும் நம் வீட்டில் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒப்பந்தமும் இல்லை, கையெழுத்தும் இல்லை! அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என்னிடம் பேசாமல் சட்டியிடம் பேசினார். "உப்பு பத்தல." நான் கடிகாரத்திடம் பதில் சொன்னேன். "பத்தலன்னா போட்டுக்கலாம்." டிரைவர் மனைவி நடுவில் உட்கார்ந்து, அண்ணன் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அண்ணனுக்கும் திருப்பிச் சொல்வார். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்கிறது.

போன வெள்ளிக்கிழமை நான் பலமாகத் தும்மினேன். சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று திரும்பி, "மஃப்ளரக் கட்டுடா முட்டாள்!" என்றார். டா! மாப்பிள்ளை, எத்தனை நாளாயிற்று தெரியுமா அந்த டாவைக் கேட்டு! உடனே மஃப்ளரை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அன்று சாப்பிட்ட பிறகும் அவர் எழுந்து போகவில்லை. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ரேடியோ கேட்டோம், குழாய்த் தகராறில் எந்த நாடு பக்கம் நியாயம் என்று அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி, அண்ணி மூன்றாவது கட்சி. கத்தின கத்தில் உடம்பு சூடாகிவிட்டது. போகும்போது, "நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். என்னிடம்தான், சட்டியிடம் இல்லை.

அதற்காகக் குளிரோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? அத்தையின் இருமல் நிற்க வேண்டும். எனவே அந்தப் பக்கத்து ஆளையும் நம் ஆளையும் நடுவில் இருக்கிற நாட்டு ஆளையும் ஹீட்டர் இல்லாத அறையில், நெருக்கமாக நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மத்தியானத்துக்குள் எல்லை திறந்துவிடும். தாமதிக்காமல் இதைச் செய்யும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

மகளுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் எல்லோரும் சகல சௌபாக்கியங்களோடும், அடைபடாத குழாயோடும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இது. இன்று காலை அத்தை ஏதோ நினைப்பில் பழைய அடுப்பைத் திருகினாள், பற்றிக்கொண்டது. நீலமாக, நிமிர்ந்து. எல்லை திறந்திருக்கிறது. டிரைவர் விடிகாலையில் வந்து, சத்தம் போடாமல் பூட்டைக் கழற்றி, வால்வைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார் போலிருக்கிறது. அத்தை கொஞ்ச நேரம் ஜுவாலையைப் பார்த்தாள். பிறகு அணைத்துவிட்டு, "மேல யாருக்கும் சொல்லாதீங்க" என்று மின் அடுப்பை மாட்டினாள். அதே வாயுவில் எரிகிற ஹீட்டரை மட்டும் சன்னமாக வைத்துக்கொண்டாள். மத்தியானம் டிரைவரும் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். "எப்பண்ணே கேஸ் வரும்?" என்கிறார் டிரைவர். திறந்துவிட்ட மனுஷன் கேட்கிற கேள்வியா இது? அறை கதகதப்பாக இருப்பதை ஒருவரும் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் அண்ணனும் அண்ணியும் தட்டோடு இறங்கி வந்தார்கள். "மேல இன்னும் ஒண்ணும் வரலடா" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்த்தே. மாப்பிள்ளை, அவர் வீட்டைத் தாண்டாமல் நம் வீட்டுக்கு வாயு வர வழியே கிடையாது. "இங்கயும் வரலண்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டை வாங்கிப் பரிமாறினேன். ஆகவே, மேலே கேட்டுக்கொண்டதை யாரிடமும் சொல்ல வேண்டாம். இந்தப் பின்குறிப்பைப் படிப்பதற்குள் சொல்லியிருந்தால், எங்களுக்கு இன்னும் வாயு வரவில்லை, அவசரமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.